திறந்து வைக்கும் அதிகாரம்

இந்தக் காலத்தில் கிணற்றில் ஒருவன் விழுந்தால் யாரும் கயிறு தேடுவதில்லை. கிணறு யார் இலாகா என்றுதான் கேட்கிறார்கள். சும்மா சொல்லவில்லை, என் தங்கை புருஷனைக் கேட்டுப் பாருங்கள்.

அவர் நாடாளுமன்றத்தில் மணியடிப்பவர். காலையில் அவர் கைமணியை அடித்தால்தான் சபை கூடும், மாலையில் அடித்தால்தான் கலையும். மேல்மாடியில் அதிபர், முதல் மாடியில் சபை, இரண்டுக்கும் ஒரே லிப்ட். அன்று மணியும் கையுமாக அவர் ஏறிய லிப்ட், சபை வாசலில் வந்து நின்றதோடு சரி, கதவு திறக்கவில்லை. மனுஷர் சர்க்கரை நோயாளி. வீட்டில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த நான் வெளியே நிற்கிறேன்.

“மச்சான், அவசரமா வருது,” என்றார் உள்ளேயிருந்து.

“என்ன வருது?”

“கேக்கற கேள்வியா இது?”

ஓடிவந்த லிப்ட் மெக்கானிக் கடப்பாரையைத் தூக்கினான். சபைச் செயலாளர் பாய்ந்து வந்து தடுத்தார்.

“தொடாதே! இந்தக் கட்டடத்துல எதையும் திறந்து வைக்கிற அதிகாரம் அதிபருக்குத்தான்.”

“அது நாடா வெட்டறதுய்யா! இது வெறுமனே திறக்கறது,” என்றேன்.

“வெறுமனே திறக்கறதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்ல பெரியவரே.”

மேல்மாடிக்கு ஆள் போய் வந்தது. அதிபர் தயார்தானாம். ஆனால் சபை தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டுமாம். சபை கூட மணி அடிக்க வேண்டும். மணியோ லிப்டுக்குள்.

“சபை இல்லாத நேரத்துல அவரே ஆணை போடலாம்ல?” என்றான் மெக்கானிக்.

“நேத்து தலை சுத்துதுன்னு இவர் கலையற மணி அடிக்காமலே வீட்டுக்குப் போயிட்டார். அதனால சபை இன்னும் கலையல. கூடவும் இல்ல. அந்தரத்துல நிக்குது.”

“எங்க மாப்ளையும்தான்!”

அதற்குள் உள்ளே அவஸ்தை தாங்காமல் மாப்பிள்ளை ஒரு குதி குதித்தார். மணி அடித்தது. நேற்றைய சபை கலைந்தது. மறு குதியில் இன்றைய சபை கூடியது. உறுப்பினர்கள் ஓடிவந்து லிப்ட் வாசலிலேயே குழுமிவிட்டார்கள்.

“மாப்ளே, ஆடாம நில்லுங்க! இன்னொரு தடவை குதிச்சா கலைஞ்சிடும்!”

“ஆடாம நின்னா அடங்காது மச்சான்!”

லிப்டைத் திறக்கத் தீர்மானம் போட்டு மேலே அனுப்பினார்கள். அதிபர் திருப்பி அனுப்பிவிட்டார். ‘திறக்க’ என்று இருக்கிறதாம், ‘திறந்து வைக்க’ என்று இருக்க வேண்டுமாம். திருத்தி அனுப்பினார்கள். ஒருவழியாக அதிபர் படியிறங்கி வந்து நாடாவை வெட்டினார். பின்னாலிருந்து மெக்கானிக் கடப்பாரையால் நெம்பினான். கதவு திறந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளை அதிபரை ஒருபக்கமும் சபாநாயகரை மறுபக்கமும் தள்ளிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். ஓடிய ஓட்டத்தில் கையிலிருந்த மணி அடித்தது. சபை கலைந்தது.

“பாத்தீங்களா?” என்றார் செயலாளர் பெருமையாக. “அதிபரும் சபையும் ஒருத்தர் கை ஓங்காம இன்னொருத்தர் பிடிச்சுக்குவாங்க. அதான் அரசியலமைப்பு.”

“ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா கதவை எவன்யா திறப்பான்?”

“கோவப்படாதீங்க. லிப்ட்லயே இறங்குங்க, இப்பத்தானே திறந்து வெச்சோம்.”

“மூடற அதிகாரம் யாருக்கு?”

நான் மாப்பிள்ளையின் கண்ணாடியைச் செயலாளர் கையில் திணித்துவிட்டுப் படியில் இறங்கினேன்.