வேளாங்கண்ணி போன வாரத்து மிளகாய் நாற்று

மண்ணே இல்லாமல் விவசாயம் என்றால் எங்கள் பக்கத்தில் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி ஃபிளோரா சிரிக்கவில்லை. கொல்லையில் பச்சை வலை கட்டி, முப்பது குழித்தட்டுகளில் தென்னைநார்த் தூளை நிரப்பி, மிளகாய் விதைத்தாள். அந்தத் தூளில் சத்து என்று ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்குகிற மாதிரி, நாற்றுக்கு அவளே அளந்து உரம் கரைத்து ஊற்றுவாள்.

போன வருஷம் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போன மூன்று நாளில், தண்ணீர் ஊற்றியே எல்லாவற்றையும் அழுகவைத்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு அவள் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். கிளம்புகிற அன்று என்னை வலைக்குள் கூப்பிட்டு ஒரு தட்டைக் கையில் கொடுத்தாள்.

"மேல காஞ்ச மாதிரிதாங்க இருக்கும். கண்ண நம்பாதீங்க, தூக்கிப் பாருங்க. கனமா இருந்தா ஊத்தாதீங்க. லேசா இருந்தா டிரம்முல இருக்க உரத்தண்ணிய பூவாளியில ஊத்துங்க. வெறும் தண்ணி வேணாம்."

"சரி."

"இந்தத் தடவையும் அழுகுச்சுன்னா, தட்டையெல்லாம் காயலான் கடையில போட்டுட்டு சும்மா இருந்துடுவேன்."

அந்த வலைக்குள் போனால் அவள் பாடுவாள். முப்பது வருஷத்தில் என் நெல் வயலில் நின்று அவள் பாடி நான் கேட்டதில்லை. நாற்று போனால் போகட்டும், அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாது. என் கவலை அவ்வளவுதான்.

முதல் நாள் தூக்கிப் பார்த்தேன். கனம். ஊற்றவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் லேசாக இருந்தது. உரத்தண்ணீர் ஊற்றினேன். இதுவரைக்கும் என் மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலையில் வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்தது. பத்து நாளாகக் காத்திருந்த தண்ணீர். வயலுக்குப் பாய்ச்சிவிட்டுத் திரும்பினால், வலைக்குள் கனிமொழி நின்றிருந்தாள். இந்த நாற்றை விலைக்குச் சொல்லிவைத்திருப்பவள் அவள்தான். அரை ஏக்கரை உழுது தயாராக வைத்திருந்தாள்.

"அருள்சாமி அண்ணே, என்ன இப்படிக் காயப் போட்டுட்டீங்க?"

"உள்ள ஈரம் இருக்கும்மா. உங்க அக்கா சொல்லியிருக்கு."

தூக்கியும் காட்டினேன். கனமாகத்தான் இருந்தது. அவளும் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்து ஒத்துக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேரும் அந்தக் காய்ந்த மேல்பரப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது.

"சும்மாதானே போவுது" என்றாள் கனிமொழி.

மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் கரையை வலைப்பக்கம் வெட்டிவிட்டேன். தட்டுகள் பாதி முழுகி நின்றன. பார்க்க நடவு முடிந்த வயல் மாதிரி இருந்தது. இரண்டு பேருக்கும் மனசு நிறைந்துவிட்டது.

மறுநாளே நாற்றுகள் கழுத்தொடிந்து சாய ஆரம்பித்தன. ஃபிளோரா திருத்துறைப்பூண்டியிலிருந்து போன் பண்ணினாள்.

"நாத்து எப்படிங்க இருக்கு?"

"இருக்கு" என்றேன்.

ஆறாம் நாள் காலில் கட்டுப்போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நேராக வலைக்குள் போனாள். கனிமொழியும் வந்து நின்றாள். பத்தொன்பது தட்டு அழுகிப்போயிருந்தது. மிச்சம் பதினொன்று மஞ்சளித்து நின்றது. ஊட்டிய உரமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது.

"யாரு தண்ணி விட்டது?"

"நாந்தாங்க்கா" என்றாள் கனிமொழி. "மேல காஞ்சிருந்துச்சு."

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். வெட்கமாக இருந்தது.

"அவ இல்ல. நாந்தான் வெட்டிவிட்டேன்."

ஃபிளோரா என் பக்கம் திரும்பினாள்.

"தூக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏங்க?"

உண்மையைத் தவிர வேறு எதுவும் கிடைக்கவில்லை.

"தண்ணி வந்துச்சு" என்றேன்.

கனிமொழி தலையாட்டினாள். அவளுக்கு அது நியாயமாகப் பட்டிருக்க வேண்டும்.

ஃபிளோரா அந்தப் பதினொரு தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் டிரம்மைத் திறந்து, உரத்தை அளந்து போட்டு, குச்சியால் கலக்கினாள்.

"அடுத்த வருஷம் நான் எங்கயும் போகல" என்றாள். "மாதா கோயிலுக்கு நீங்க நடந்து போங்க."

எனக்கு இரண்டு முட்டியிலும் வலி. வேளாங்கண்ணி நூறு கிலோமீட்டர். இருந்தாலும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அடுத்த வருஷமும் நாற்றுப் போடப்போகிறாள்.