எல்லாருக்கும் இருக்கிற நிறம்

வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்குப் ‘பட்டாசு’ என்று பெயர். மூக்குக்கு மேலே கோபம். ஆனால் அன்று செயற்கைக் கண் செய்பவரின் அறையில் அவள் வெடித்ததைக் குற்றம் சொல்ல முடியாது.

மகள் வேலை செய்யும் இடத்தில் தெறித்த கம்பி அவளுடைய வலது கண்ணைக் கொண்டுபோயிருந்தது. அதிலிருந்து பெண் வெளியே தலைகாட்டவே இல்லை. "செயற்கைக் கண்ணு சரியா பொருந்தட்டும், வேலைக்குப் போறேன். இல்லைன்னா என்னை விட்டுடு" என்று சொல்லியிருந்தாள்.

பொருத்திப் பார்த்தார்கள். இடது கண் பளிச்சென்று இருந்தது. வலது பக்கம் கரித்துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. மகள் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்னய்யா இது?" என்று பாய்ந்தாள் தாய்.

கண் செய்பவர் இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே எல்லாமே ஒரே கரும்பழுப்பு. "உலகத்துல நூத்துக்கு எழுபது, எண்பது பேருக்குப் பழுப்புக் கண்ணுதாம்மா. அதனால மொத்தமா ரெடியா வந்துடும். நீலம் பத்துல ஒருத்தருக்கு இருந்தா பெரிசு, பச்சை நூத்துல ரெண்டு பேருக்கு. அதுக்கெல்லாம் ஆளை எதிர்ல உட்கார வச்சு நானே வரைவேன்."

மேஜைமேல் யாருக்கோ வரைந்த பச்சைக் கண் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. முடி மாதிரி மெல்லிய கோடுகள், இடையிடையே மஞ்சள் புள்ளிகள். அதைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா? நிறையப் பேருக்கு இருந்தா மட்டமா போச்சா? கோடிப் பேருக்கு இருந்தா கோடி விதமா இருக்கும்யா! என் பொண்ணு கண்ணை ஒரு தடவையாவது உத்துப் பாத்தியா நீ?"

அவர் இழுப்பறையை மூடினார். மகள்தான் பேசினாள்.

"கத்தாதம்மா. இவரு போன்ல நிறம் கேட்டப்ப, ‘கறுப்புதான், எல்லாருக்கும் இருக்கிற மாதிரி’ன்னு நீதானே சொன்னே?"

பளாரென்று அறை வாங்கினாற்போல இருந்தது அவளுக்கு. பெற்றவள். மை தீட்டியவள், தூசி விழுந்தால் ஊதி எடுத்தவள். அந்தக் கண் என்ன நிறம் என்று கேட்டால் தெரியவில்லை. கோபமெல்லாம் அவள்மேலேயே திரும்பியது. திட்டுவதற்கு வார்த்தைதான் கிடைக்கவில்லை.

கண் செய்பவர் தூரிகையை எடுத்தார். "தப்பு என் பேர்லயும்தான். நான் வரையறேன். பக்கத்துல உட்கார்ந்து நீங்களும் பாத்துச் சொல்லுங்க."

அவள் மகளின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஓரத்தில் தேன் நிறம். உள்ளே போகப் போகத் துரு மாதிரி ஒரு சிவப்பு. அதற்குள் எல்லாம் கலங்கிவிட்டது.

"அழாதடி, ஒண்ணுமே தெரியல!" என்று கத்தினாள்.

"நான் அழலம்மா," என்றாள் மகள். "நீதான் அழறே."