வெட்டி எடுத்த இருமல்

சிதம்பரம் லால்கான் தெருவில் ஹஃப்சாவின் வீட்டில் போர் தண்ணீர்தான். எத்தனை முறை கழுவினாலும் குளியலறை டைல்ஸில் உப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். அதோடு மல்லுக்கட்டியதில்தான் அவளுடைய யூடியூப் சேனல் தொடங்கியது. கணவன் இம்தியாஸ் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தான். வீட்டில் அவளும் மாமியார் சர்புன்னிசாவும் மட்டும். உப்படைத்த ஷவரை வினிகர் ஊற்றிய பையில் ஊறவைப்பது, சிங்க் அடைத்தால் சோடா மாவு போட்டு வெந்நீர் ஊற்றுவது, டைல்ஸ் இடுக்கைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்ப்பது என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவந்தாள். முகம் காட்ட மாட்டாள். கைகளும் குரலும்தான். மூன்று வருடத்தில் நாற்பதாயிரம் பேர் சேர்ந்திருந்தார்கள்.

போன மே மாதம் விடாப்பிடிக் கறைக்கு ஒரு வீடியோ எடுத்தாள். தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே டாய்லெட் ஆசிட்டை ஊற்றினாள். புசுபுசுவென்று நுரைத்துக் கிளம்பியது. கறை பெயர்ந்துவந்தது. கூடவே கண் எரிந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமல் வந்தது. வெளியே ஓடி முற்றத்தில் குனிந்து நின்றாள்.

"என்னத்த ஊத்துன புள்ள? மூஞ்செல்லாம் செவந்து கெடக்கு" என்று மாமி தண்ணீர் கொண்டுவந்தார்.

கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. சாயங்காலம் எடிட் செய்யும்போது, இருமிய இருபது விநாடியை வெட்டி எடுத்தாள். கேட்க நன்றாக இல்லை என்பதைத் தவிர அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

அதற்கு முன் எந்த வீடியோவும் அந்த அளவு ஓடியதில்லை. இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஆகஸ்டில் ஒருநாள், 'சூப்பர் அக்கா'க்களுக்கு நடுவே ஒரு கமெண்ட் கிடந்தது. "அக்கா, நீங்க சொன்ன மாதிரி எங்கம்மா பாத்ரூம் கழுவுனாங்க. பத்தொம்பது நாளு ஆஸ்பத்திரில இருந்து இப்பதான் வீட்டுக்கு வந்தாங்க. அந்த வீடியோவ எடுத்துடுங்க."

திட்டவில்லை. அதுதான் ஹஃப்சாவுக்குப் பொறுக்கவில்லை. வீடியோவை உடனே அழித்தாள். பதில் எழுதி நம்பர் வாங்கினாள். எழுதியவள் பெயர் வினோதினி, ஊர் குடிகாடு.

"அழிச்சிட்டேல்ல, அதோட விடு. நேர்ல போவாத. வம்பாயிடும்" என்றான் இம்தியாஸ் போனில்.

"நான் சொல்லித்தானங்க அவுங்க ஊத்துனாங்க?"

"ஊர்ல ஆயிரம் பேர் சொல்றான். எல்லாருமா போயி பாக்குறான்?"

மறுநாள் காலையில் கடலூர் பஸ் ஏறினாள். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி, ரசாயன ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியத் தொடங்கியதும் இறங்கினாள். வினோதினி இடுப்பில் பத்து மாதக் குழந்தையோடு சாலைக்கே வந்து நின்றாள்.

அவளுடைய அம்மா கொளஞ்சியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டிலில் தலையணைகளை அண்டைகொடுத்துச் சாய்ந்திருந்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தலைமாட்டில் மிஷின் இரைந்துகொண்டிருந்தது. ஹஃப்சா "அம்மா" என்று வாய் திறந்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இந்தக் கொரலு... எனக்குத் தெரியும். ஒம் மொகத்த... இன்னைக்குத்தான் பாக்குறேன்." நாலு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். "ஒன்னக் கேட்டுக்கிட்டேதான்... பாத்திரம் வெளக்குவேன்."

ஹஃப்சாவால் உட்காரவும் முடியவில்லை. "மன்னிச்சிருங்கம்மா" என்றாள்.

"ஒன்ன எதுக்கு? நாந்தான்... கதவ சாத்திக்கிட்டேன். புள்ள தவழ்ந்து... வந்துருவான்னு. நெடி வந்துச்சி. இங்க எப்பயும்... கம்பெனி வாட வரும். காத்து திரும்பிருச்சி போலன்னு... ஜன்னலையும் சாத்திட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நெடியிலிருந்து தப்பிக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்த நெடிக்குள்ளேயே உட்கார்ந்து தரையைத் தேய்த்திருக்கிறார். வினோதினி கதவைத் தள்ளித் திறந்தபோது பிரஷ் கையிலிருக்க, சுவரோடு சாய்ந்து கிடந்தாராம்.

திரும்பும்போது வினோதினி சாலை வரை வந்தாள். பஸ் வரும் முன் சொல்லிவிட வேண்டும் என்று ஹஃப்சா பேசினாள்.

"வினோதினி, அந்த வீடியோ எடுக்கறப்ப எனக்கும் இருமல் வந்துச்சு. மூச்சே விட முடியல. அத வெட்டிட்டுத்தான் போட்டேன்."

வினோதினி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "தெரிஞ்சேவா போட்டீங்க?"

"இவ்ளோ ஆவும்னு தெரியாது. ஆனா இருமல் வந்தது தெரியும்ல."

வினோதினி சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். பஸ் வருவது தெரிந்ததும், "இத எங்கம்மாட்ட சொல்லிடாதீங்க. ஒங்க மேல ரொம்பப் பிரியமா இருக்குறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அது நிற்பதற்குள் திரும்பி நடந்தாள்.

அந்த வாரமே ஹஃப்சா இன்னொரு வீடியோ போட்டாள். முதல் தடவையாக முகம் காட்டினாள். வெட்டி எடுத்த இருபது விநாடியையும் சேர்த்தாள். "பிளீச்சிங் பவுடரோட ஆசிட்ட எப்பவும் சேக்காதீங்க. அதுலேர்ந்து வர்றது வெஷ வாயு. நான் சொன்னது தப்பு" என்றாள். எண்ணூறு பேர் பார்த்தார்கள். பழைய வீடியோவை யார் யாரோ எடுத்து, அவள் குரலுக்கு மேல் பாட்டு போட்டு, தங்கள் பக்கங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதிக் கெஞ்சினாள். இரண்டு பேர் நீக்கினார்கள்.

நவம்பர் மழையில் கொளஞ்சியம்மாளுக்குச் சளி கட்டியது. ஐந்தாம் நாள் வினோதினியிடமிருந்து ஒரு வரி வந்தது: "அம்மா போயிட்டாங்க."

மாமியும் கூட வருவதாகச் சொன்னார். சாலையில் தண்ணீர் ஏறி நின்றதால் பஸ் சுற்றிக்கொண்டு போனது. இருவரும் போய்ச் சேர்ந்தபோது உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். பந்தலில் ஈர நாற்காலிகள். உள்ளே இரண்டு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்திலிருந்து மாலைப் பூக்கள் தண்ணீரோடு வாசலுக்கு வந்து தேங்கின. கட்டிலை மடக்கி வைத்திருந்தார்கள். மிஷினைக் காணோம்.

வினோதினி சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஹஃப்சாவுக்கு எதிரே போய் நிற்கத் துணிவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண்களில் ஒருத்தியிடமிருந்து துடைப்பத்தை வாங்கினாள். யாரும் யாரென்று கேட்கவில்லை. கூடத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டாள், அடுப்படித் தண்ணீரைத் தள்ளிவிட்டாள். குளியலறைக் கதவு வரை வந்து, உள்ளே போக முடியாமல் நின்றாள். வினோதினி அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து, ஹஃப்சாவின் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, தானே உள்ளே போனாள்.