புரட்டாசிக் கீரை

அந்த மாதம் உமாபதிக்குக் கிடைத்த தூக்கத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கிச் சாக்கில் கட்டினாலும் பாதிச் சாக்குகூட நிறைந்திருக்காது. ஆற்றங்கரை மீனவர் குப்பமான பாசிர் பெனம்பாங்கில் ஓர் ஐஸ் பேக்டரியில் அவனுக்கு இரவுக் காவல். மாலை ஏழு மணிக்குப் போனால் மறுநாள் காலை ஏழுக்குத்தான் கேட்டை விட்டு வெளியே வர முடியும். ஆள் இல்லை, ஆள் இல்லை என்று சொல்லியே சூப்பர்வைசர் வாரத்தின் ஆறாவது இரவையும் அவன் தலையில் கட்டியிருந்தார். ஐம்பத்து நான்கு வயதில் உடம்பு இதற்கெல்லாம் ஒத்துழைக்காது. ஆனால் உடம்பை யார் கேட்டார்கள்?

புக்கிட் பெலிம்பிங்கில் வீடு. வீட்டில் அவனும் மனைவி அமராவதியும் மட்டும்தான். ஒரே மகள் லோகேஸ்வரியைக் கட்டிக்கொடுத்ததும் அவள் ஜொகூருக்குப் போய்விட்டாள். போன நவம்பரில் அமராவதியின் நெஞ்சைத் திறந்து இதயத்தில் ஒரு வால்வை மாற்றியிருந்தார்கள். சின்ன வயதில் தோட்டத்தில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல், நாற்பது வருஷம் பேசாமல் கிடந்துவிட்டுத் தன் வேலையைக் காட்டியிருந்தது. புது வால்வு உலோகம். வீடு அமைதியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம்போல் அது துடிப்பது கேட்கும்.

உலோகத்தின் மேல் ரத்தம் உறைந்து கட்டிவிடும் என்பதால் ஆயுசுக்கும் வார்ஃபரின் என்ற மாத்திரை. மருந்து கூடினால் ரத்தம் நிற்காமல் கசியும். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போய் அடைக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆளை நிறுத்தி வைப்பதற்காக மாதாமாதம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ஓர் எண் சொல்வார்கள். அது இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். தினம் மூன்று மில்லிகிராம் மாத்திரையில் அமராவதியின் எண் பத்து மாதமாக அசையாமல் நின்றது. பிறகு புரட்டாசி வந்தது.

உமாபதி வேலை முடிந்து வரும்போது மீன் இல்லாமல் வந்த நாள் குறைவு. ஆற்றின் அந்தக் கரையில் மீனவர் குப்பத்திலேயே நின்று வேலை பார்ப்பவனுக்கு மீனுக்குப் பஞ்சமா? புரட்டாசி பிறந்ததும் அது நின்றது. மீன் இல்லை, கோழி இல்லை, முட்டைகூட இல்லை. அந்த இடத்துக்குக் கீரை வந்தது. கொல்லையில் நின்ற முருங்கையை அமராவதி தினமும் ஒடித்தாள். முருங்கைக்கீரைப் பொரியல், முருங்கைக்கீரைச் சாம்பார், அடையில் முருங்கைக்கீரை. முருங்கைக்கு ஓய்வு கொடுக்கும் நாளில் பயாம் என்ற தண்டுக்கீரையோ கங்கோங் என்ற வள்ளைக்கீரையோ வரும்.

"நாம என்ன ஆடா மாடா, அமரா? காலையில தழை, மத்தியானம் தழை."

"பெருமாளுக்கு ஒரு மாசம். மீதி பதினோரு மாசம் ஒங்களுக்குத்தானே? வாயை மூடிக்கிட்டு சாப்பிடுங்க."

போன புரட்டாசியில், ஆபரேஷனுக்கு முன்பே, அவள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். அங்கே கொடுத்த முட்டையையும் மீனையும் வேறு வழியில்லாமல் சாப்பிட்டாள். அது அவள் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. பிழைத்து எழுந்தால் அடுத்த புரட்டாசியை ஒரு நாள் விடாமல் பிடிப்பதாக அப்போதே வேண்டிக்கொண்டிருந்தாள். உமாபதிக்கு அது தெரியும் என்பதால் அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை.

அக்டோபர் முதல் தேதி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காவல் வேலை முடிந்து, வீட்டுக்கு வந்து முகம் கழுவி, கஞ்சில் என்ற பழைய குட்டிக் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போய், நம்பர் எடுத்து உட்கார்ந்தான். பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். எண் ஒன்று புள்ளி ஆறு.

மருந்து கொடுக்கும் அறையில் இருந்தவன் ஒரு மலாய் இளைஞன். நல்ல பையன், பொறுமைசாலி. முறையாக ஒவ்வொன்றாகக் கேட்டான். மாத்திரையை மறந்தீர்களா? இல்லை. வேறு மருந்து, ஜாமு கஷாயம், நாட்டு மருந்து? இல்லை. சாப்பாட்டில் ஏதாவது மாற்றம்?

"சாமா சாஜா," என்றான் உமாபதி. அதேதான், ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம்.

அவன் பொய் சொல்லவில்லை. அவன் மனதில் விரதம் ஒரு பக்கம் இருந்தது, சாப்பாடு வேறொரு பக்கம் இருந்தது. பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் வருகிற புரட்டாசியை யாராவது மாற்றம் என்று சொல்வார்களா? ஆனால் அதுதான் முழு உண்மையா என்றால் அதுவும் இல்லை. மணி பதினொன்றரை. சாயங்காலம் ஏழுக்குள் மறுபடி கேட்டில் நிற்க வேண்டும். இன்னொரு பதில் சொன்னால் இன்னும் நாலு கேள்வி வரும், வீட்டுக்குப் போகக் கால்மணி நேரம் தள்ளும். கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரிந்தது. அமராவதி பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் நான்கு மில்லிகிராம் என்று மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தான் பையன்.

பதினான்காம் தேதி திரும்பவும் போனார்கள். எண் ஒன்று புள்ளி ஒன்பது. திரும்பவும் அதே கேள்வி. திரும்பவும் உமாபதி "சாமா" என்றான். இந்தத் தடவை கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டான். இனிமேல் தினமும் நான்கு மில்லிகிராம், மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அதற்கு மூன்றாம் நாள் புரட்டாசி முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை வாசலில் தமிழன் ஒருவன்கூட பாக்கி இல்லாமல் வரிசையில் நின்றான். உமாபதியும் நின்றான். மறுநாளிலிருந்து மீன் வந்தது. முருங்கை மரம் தன் பாட்டுக்குத் துளிர்த்துக்கொண்டு நின்றது. ஒரு மாதம் தின்ற கீரையை நினைத்தாலே அவனுக்கு நாக்கு மரத்துப்போனது. அமராவதியும் அந்தப் பக்கம் போகவில்லை. நான்கு மில்லிகிராம் மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள்.

தீபாவளிக்குச் சண்டை போட்டு மூன்று இரவு லீவு வாங்கினான் உமாபதி. மகள் அந்த வருஷம் மாமியார் வீட்டில். எண்ணெய் தேய்த்துக் குளித்தான், ஆட்டுக்கறி சாப்பிட்டான், படுத்தான். வியாழன் தூங்கினான், வெள்ளி தூங்கினான், சனியும் தூங்கினான். சாப்பிட எழுந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்தான். இப்படித் தூங்கி எத்தனை வருஷம் ஆகிறது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு மத்தியானம் தானாக விழிப்பு வந்தது. வீட்டில் சத்தமே இல்லை. அடுப்படிக்குப் போனான். அமராவதி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஒரு துண்டை அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டு பழைய நீலத் துண்டு, பாதி ரத்தத்தில் கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் இன்னொரு துண்டு நனைந்து கிடந்தது. சட்டைக்கை விலகிய இடத்தில் முழங்கை முழுக்க நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது.

"ஒண்ணுமில்லீங்க. சூட்டுக்கு மூக்கு ஒடைஞ்சிருக்கு," என்றாள்.

அவளை எப்படிக் காரில் ஏற்றினான், எந்தச் சிவப்பு விளக்கில் நின்றான், எதில் நிற்கவில்லை என்று பின்னால் யார் கேட்டிருந்தாலும் அவனால் சொல்லியிருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் எண் எட்டு புள்ளி ஏழு என்றார்கள். தலைக்குள் கசிந்திருக்கிறதா என்று படம் எடுத்தார்கள். அந்தப் படம் வரும்வரை அவன் வராந்தாவில் நின்றுகொண்டே இருந்தான். உட்கார்ந்தால் கெட்ட செய்தி வந்துவிடும் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். தலையில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகுதான் அவன் சுவரில் சாய்ந்தான்.

மறுநாள் காலை வார்டுக்கு மருந்து பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். ஷாமளா என்று பெயர். ரவாங் ஊர்க்காரி, வயது முப்பதுக்குள் இருக்கும். கட்டிலின் காலடியில் நின்று அமராவதியின் சின்ன மாத்திரைப் புத்தகத்தைப் புரட்டினாள். வெளுத்துப்போய்ப் படுத்திருந்த அமராவதி அவள் முகத்தையே பார்த்தாள்.

"சாமி குத்தமாத்தான் இருக்கும்மா," என்றாள் அமராவதி. "போன வருஷம் புரட்டாசியில கவுச்சி சாப்பிட்டேன். இந்த வருஷம் சுத்தமா இருந்தும் சாமிக்கு மனசு ஆறல போல. வீட்டுக்குப் போனதும் தை வரைக்கும் சைவமா இருந்துடுறேன்னு வேண்டிக்கிட்டேன்."

ஷாமளாவின் விரல் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது.

"இருங்க ஆன்ட்டி. அக்டோபர் ஒண்ணு, அக்டோபர் பதினாலு. ரெண்டும் புரட்டாசி இல்ல? மாசம் முழுக்கச் சைவமா? கீரை நெறைய சாப்பிட்டீங்களா?"

"தெனமும். கொல்லையிலயே மரம் இருக்கே."

"புரட்டாசி முடிஞ்சதும்?"

"அப்புறம் எதுக்கும்மா கீரை?"

ஷாமளா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சாமி குத்தமும் இல்ல ஒண்ணும் இல்ல. கேளுங்க. காயம் பட்டா ரத்தம் ஒறையுதுல்ல, அதுக்கான சரக்க நம்ம கல்லீரல்தான் செய்யுது. அதைச் செய்யறதுக்கு வைட்டமின் கே வேணும். பச்சைக் கீரையில அது கொட்டிக் கெடக்கு. நீங்க போடுற மாத்திரை, அந்த வைட்டமினக் கல்லீரல் திருப்பித் திருப்பிப் பயன்படுத்த விடாம தடுக்கும். கீரை கூடினா மாத்திரை எடுபடாது. அதான் புரட்டாசியில நம்பர் கொறைஞ்சுச்சு. இங்க காரணம் தெரியாம மாத்திரைய ஏத்திட்டாங்க. அப்புறம் கீரை நின்னுபோச்சு, ஏத்துன மாத்திரை அப்படியே நிக்குது. அத எதிர்க்கக் கீரை இல்ல, நம்பர் எகிறிடுச்சு."

"அப்ப கீரை ஆகாதா?"

"யாரு சொன்னா? தாராளமா சாப்பிடுங்க, எப்பவும் ஒரே அளவா சாப்பிடுங்க. வாரத்துல ரெண்டு நாள்னா வருஷம் பூராவும் ரெண்டு நாள். விரதமும் இருக்கலாம். முன்னாடியே எங்கிட்ட சொல்லிடுங்க, வாரா வாரம் ரத்தம் பார்த்து மாத்திரைய மாத்திக்கலாம். சொல்லாம நீங்களா தை வரைக்கும் கீரையில எறங்கினீங்கன்னா, வால்வுல ரத்தம் கட்டிக்கும் ஆன்ட்டி. இப்ப ஒங்களுக்கு வைட்டமின் கே குடுத்தாங்களே, அதைக்கூட பயந்து பயந்து கொஞ்சூண்டுதான் குடுத்தாங்க." புத்தகத்தை மறுபடி பார்த்தாள். "இங்க சாப்பாட்டுல மாற்றம் இல்லைன்னு ரெண்டு தடவை எழுதியிருக்கே?"

பேசாமல் இருந்தால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை என்று உமாபதிக்குத் தெரியும்.

"நான்தாம்மா சொன்னேன்," என்றான். "ரெண்டு தடவையும் நான்தான். ராத்திரி வேலை முடிஞ்சு வந்து ஒக்காந்திருந்தேன். சீக்கிரம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. அந்தத் தம்பி ஒழுங்காத்தான் கேட்டான். நான்தான் யோசிக்காம சாமா சாமான்னு சொல்லிட்டேன்."

"நானும் பக்கத்துலதானே இருந்தேன்?" என்றாள் அமராவதி. "எனக்கும் கேட்டுச்சு. சொன்னா விரதத்தை விடச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு நானும் வாயைத் தொறக்கல. இவரை மட்டும் சொல்லாதீங்க."

ஷாமளா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டத்தான் வாயெடுத்தாள் போலிருக்கிறது, திட்டவில்லை.

"சரி, விடுங்கலா. மொதல்ல ரத்தம் எப்போ வந்துச்சு?"

"தீவாளி அன்னிக்கு. பல்லு வெளக்கும்போது ஈறுல வந்துச்சு."

"வியாழக்கிழமையா! நேத்து ஞாயித்துக்கெழமைதான வந்தீங்க? ரத்தம் வந்தா அன்னிக்கே வரணும்னு இந்தப் புக்குலயே செவப்புல போட்டிருக்கு, பாக்கலியா?"

"பார்த்தேம்மா."

"பின்ன ஏன் அங்கிள்கிட்ட சொல்லல?"

அமராவதி போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள்.

"தூங்கிக்கிட்டு இருந்தாரு," என்றாள். "ரொம்ப நாளைக்கு அப்புறம் அசந்து தூங்கினாரு. எழுப்ப மனசு வரல."

"சரி, வெள்ளிக்கெழமை?"

"அன்னிக்கும் தூங்கிக்கிட்டுதான் இருந்தாரு."

சனிக்கிழமையைப் பற்றி ஷாமளா கேட்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

உமாபதிக்கு முதலில் வந்தது கோபம். வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. அவள் மேல் கத்துவதா, தன் மேலா, ஆறாவது இரவைத் தலையில் கட்டிய அந்த மனுஷன் மேலா என்று தெரியவில்லை. மூன்று நாள் அவள் வாயில் ரத்தத்தைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, அடுப்படியில் நடமாடியிருக்கிறாள். அவன் நிம்மதியாகக் குறட்டை விட்டிருக்கிறான். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சூப்பர்வைசர். எடுத்து, "இன்னிக்கி வர முடியாது, நாளைக்கும் முடியாது," என்று சொல்லிவிட்டு அவர் பேச ஆரம்பிக்கும் முன் வைத்தான். இருபது வருஷத்தில் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"கண்ணைப் பாருங்க, மொளகாப்பழம் மாதிரி செவந்து கெடக்கு," என்றாள் அமராவதி. "ராத்திரி பூரா வராந்தாவுல நின்னீங்களாமே, நர்ஸு சொல்லுச்சு. எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போயி ரெண்டு மணி நேரம் படுத்துட்டு வாங்க."

அவன் போகவில்லை. ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்தான்.

"படுங்கன்னா கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்," என்றான். "நான் தூங்கினா நீ எழுப்ப மாட்டியே, அமரா."

அமராவதி எழுப்புவேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.