சூப்புக் கரண்டியின் கல்யாணம்

அட்லஸ் மலையில் எங்கள் ஊருக்கு மூன்று வருஷமாக மழை இல்லை. பக்கத்து வீட்டு இத்தோ என் மரக்கரண்டியைப் பிடுங்கிப் பட்டுச் சுற்றி, மழையரசன் அன்ஸாருக்கு மணப்பெண்ணாக்கிவிட்டாள். பெண்கள் பாடிக்கொண்டே அதை வீடுவீடாகத் தூக்கிப்போக, வாசல்தோறும் தண்ணீர் தெளித்தார்கள். கரண்டி தொலைந்துவிடுமே என்ற எரிச்சலில் நானும் பின்னாலேயே போனேன்.

வானிலை நிலையத்தில் வேலை பார்க்கும் என் கணவர் மோஹா சிரித்தார். "கரண்டிக்குக் கல்யாணமா? பத்து நாளைக்கு மேகமே கிடையாதுடி."

மறுநாள் மதியம் மலைகள் தூக்கத்தில் மிதப்பதுபோல மங்கின. மழை கொட்டியது. விட்டதும் வானவில். எங்கள் பேச்சில் அதற்கு 'அன்ஸாரின் மணப்பெண்' என்றுதான் பேர்.

"பொண்ணு கிளம்பிட்டா பாரு," என்றாள் இத்தோ.

"காத்தழுத்தம் மாறியிருக்கு," என்று முனகினார் மோஹா.

நான் இத்தோவிடமிருந்து கரண்டியை வாங்கி, பட்டை அவிழ்த்துக் கழுவிச் சூப்புப் பானைக்குள் விடப்போனேன். மோஹா பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"அறிவிருக்கா உனக்கு? நேத்துக் கல்யாணமான பொண்ணைக் கொதிக்கிற பானையிலயா முக்குவ?"