கடைசியில் எடுத்த முதல் பிரிவு

சபாநாயகர் கேட்டு முடிப்பதற்குள் சபை "ஆம்" என்று கத்தியது. மேசைகளைத் தட்டினார்கள். பார்வையாளர் மாடத்தில் என் பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல் அரைக்கும் ஆலைகளில் தூசி தின்று நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆயுள் முழுக்க முதலாளிதான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்கிற மசோதா. அத்தானுக்கு இருமல் வந்ததும் அப்படியோர் ஆலையில்தான். ஒழுங்கான வைத்தியம் இல்லாவிட்டால் இந்த வருடம் தாண்டாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

மசோதாவை எழுதியவள் நான். சட்டத்துறையில் வரைவு எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது. ஒப்பந்தக் கூலிகளையும் சேர்த்து எழுதினேன். ஆலையை மூடினாலும் பொறுப்பு போகாது என்று எழுதினேன். எப்படியும் வெட்டுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். முதலாளிகள் சங்கம் மந்திரியைப் பார்த்துவிட்டுப் போன பிறகும் யாரும் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. நல்ல காலம் பிறந்துவிட்டது என்றே நம்பினேன், மடச்சி.

வாக்கெடுப்புக்கு முந்தின நாள் எங்கள் துறைச் செயலாளர் கூப்பிட்டார். முதல் பிரிவில் "இச்சட்டம் உடனே நடைமுறைக்கு வரும்" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு, "அரசு அறிவிக்கும் தேதியில்" என்று போடச் சொன்னார்.

"எல்லாச் சட்டத்துலயும் இருக்கிற வரிதானேம்மா," என்றார்.

இருக்கிறதுதான். அந்த வரியோடு நிறைவேறி, தேதியே வராமல் செத்துக் கிடக்கும் சட்டங்கள் எங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க உண்டு. ஒரு வருடத்துக்குள் என்றாவது போடலாமே என்று கேட்டேன். அரசாங்கத்துக்கே கெடு வைக்கிறாயா என்று சிரித்தார். மாற்றிக் கொடுத்தேன். நான் மாட்டேன் என்றால் பக்கத்து மேசைக்காரர் டீ ஆறுவதற்குள் மாற்றியிருப்பார்.

எதிர்க்கட்சியாவது தேதி எங்கே என்று கேட்கும் என்று ஒரு நப்பாசை. சட்டத்துக்கு யார் பெயரை வைப்பது என்று காலை முழுக்கத் தொண்டை கிழியச் சண்டை போட்டார்கள். முதல் பிரிவை எங்கள் வழக்கப்படி கடைசியில்தான் எடுப்பார்கள். அதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிடும். அன்றும் வந்தது. பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். மீதிப் பேர்தான் அந்த "ஆம்" போட்டார்கள்.

படியிறங்கும்போதே அக்கா அத்தானுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமும் சொன்னாள், என் தங்கச்சி எழுதின சட்டம் என்று. தேதி இல்லை என்று சொல்லிவிடலாம் என மூன்று நிறுத்தம் வரை வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

வீட்டில் அத்தான் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கட்டிலடியில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் துணிப்பை தயாராக இருந்தது.

"எப்பலேருந்தும்மா?" என்று கேட்டார்.

"சொல்லுவாங்க, அத்தான்."

சரி என்று தலையாட்டினார். மேல் பட்டனைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு அடுத்த பட்டனைத் தேடினார்.