மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்

பச்சைச் சாயத்தை முதல் மேன்ஹோலில் ஊற்றிவிட்டு, "ஊத்தியாச்சு" என்று போனில் சொன்னேன். "ம்" என்றாள் என் மனைவி. மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். சாயம் வந்து சேர்கிறதா என்று பார்க்க, தெருக்கோடியில் ஐந்தாவது மேன்ஹோலின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். கழிவுநீர்ப் பிரிவில் அவள் எனக்கு மேலதிகாரி. வீட்டிலும் அதில் பெரிய மாற்றம் கிடையாது.

அவளுக்கு வேறு ஊரில் பதவி உயர்வு வந்திருக்கிறது. இன்று மாலை ஐந்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று நாள் முன்பு விஷயத்தை அவள் சொன்னதும் பயந்துவிட்டேன். அதை மறைக்கப் பார்த்து, "போறதுன்னா போ, எனக்கென்ன?" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

இருபது நிமிடம் ஆயிற்று. "வந்துச்சா?" "வரல." குழாய் எங்கோ உடைந்து, சாயம் மண்ணுக்குள் போகிறது. இனி இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் வர வேண்டும். எங்கள் வேலையின் முறை அப்படி. நான் செய்த ஏற்பாடு அல்ல.

இரண்டாவது மூடியைக் கம்பியால் நெம்பினேன். "இங்க பச்சை." நான்காவதிலிருந்து அவள், "இங்க இல்ல." மூன்றாவதிலும் பச்சை ஓடியது. ஆக, உடைப்பு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில். முப்பது அடி எடுத்து வைத்தால் அவளைத் தொட்டுவிடலாம். போனைக் காதிலிருந்து எடுக்க இருவருக்குமே தோன்றவில்லை.

"அன்னிக்கு நான் 'போ'ன்னு சொன்னது..."

"சத்தமா சொல்லுங்க, லாரி போகுது."

"நீ போனா எனக்குத் தாங்காது!" என்று கத்தினேன். "வேணாம்னு சொன்னா உன் வாழ்க்கையக் கெடுத்துடுவேனோன்னு பயம். அதான் அப்படி உளறிட்டேன்!" லாரி எப்போதோ போய்விட்டிருந்தது. மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்மணி கிளிப்பும் கையுமாக நின்றுவிட்டார்.

"இதச் சொல்ல மூணு நாளா?"

"ம்" என்றேன்.

நடந்து வந்தாள். நானும் நடந்தேன். சாலையோரம் தார் லேசாக அமுங்கிய இடத்தில், என் ஷூவைச் சுற்றிப் பச்சையாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நாற்றம் வேறு. "என்ன பதில் போடப்போற?" என்று கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு இன்னும் நேரமிருக்கு" என்றாள், போனிலேயே. பிறகு குனிந்து, தோண்டுகிறவர்களுக்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்டில் உடைப்பைச் சுற்றி வட்டம் போட்டாள். என் இரண்டு காலும் வட்டத்துக்குள் இருந்தன. நகரச் சொல்லவில்லை.